காகிதத்தில் எஞ்சிய வீதிகள்

தபால் முத்திரை சேர்ப்போரை நாம் அறிவோம். பழைய நாணயங்களைத் தேடி அலைவோரையும் அறிவோம். ஆனால் பழைய நகரங்களின் படங்களைச் சேகரிப்போர் நம்மிடையே மிகச் சிலரே. "இன்றைக்கு இருக்கிற வீதிக்கே வழி விசாரித்துத்தான் போகிறோம், நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய வீதிக்கு வழி தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று என் மனைவி ஒருமுறை கேட்டார். கேள்வி நியாயமானதே. அதற்குத் தக்க விடை அன்று என்னிடம் இருக்கவில்லை. இக்கட்டுரையை அவ்விடையாகக் கொள்க.

சில ஆண்டுகளுக்கு முன், பரீட்சை விடைத்தாள் திருத்தும் பணிக்காகக் கொழும்புக்குச் சென்றிருந்தேன். ஒரு மாலைப்பொழுதில் மருதானையிலே பழைய புத்தகக் கடையொன்றினுள் நுழைந்தேன். கிழிந்த கணக்கு நூல்களுக்கும் சோதிட நூல்களுக்கும் நடுவே கையகலமான தடித்த அட்டையுறை ஒன்று கிடந்தது. உள்ளேயிருந்ததை எடுத்து விரித்தேன். சீலையின் மேல் ஒட்டப்பெற்ற காகிதத் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக விரிந்து, கடைக்காரரின் மேசை முழுவதையும் மூடிவிட்டன. நடுவே நாகம் நெளிவதுபோல ஓர் ஆறு. அதன் இருமருங்கும் எறும்புப் புற்றுப் போன்று நெருங்கிய வீதிகள். அது இலண்டன் மாநகரின் படம்.

"மாஸ்டர், அது வருசக் கணக்காக் கிடக்குது. நீங்க விரும்பினதைத் தாங்க" என்றார் கடைக்காரர். என் சட்டைப்பையில் இருந்ததில் பாதியைக் கொடுத்துவிட்டு வந்தேன். எந்தக் கோப்பித் தோட்டத் துரையின் பெட்டியில் அது கடல் கடந்து வந்ததோ, யாரறிவார்! படத்தில் வெளியிட்ட ஆண்டு எங்கும் அச்சிடப்படவில்லை. அக்குறையே என்னை இத்துறையில் இழுத்துவிட்டது.

திகதி இல்லாப் படம்

விக்டோரியா மகாராணி அரசு புரிந்த 1837 முதல் 1901 வரையான காலத்தில் வெளிவந்த நகரப்படங்களுட் பலவற்றில் ஆண்டு காணப்படுவதில்லை. இதற்குக் காரணம் வியாபார தந்திரமே. ஆண்டைப் பொறித்துவிட்டால் மறு ஆண்டிலேயே படம் பழசாகிவிடும். கடையிலே தேங்கிக் கிடக்கும். ஆகவே பதிப்பாளர் அதனை மறைத்தனர். மறைத்ததைக் கண்டுபிடிப்பதே சேகரிப்போனுக்கு முதல் இன்பம்.

என் படத்தை உயர்தர வகுப்பு மாணவர் பன்னிருவர் முன் விரித்து, "இதன் வயதைக் கண்டுபிடியுங்கள்" என்றேன். நகரத்திலே புதிதாக எழுந்தவை, மறைந்தவை ஆகியவற்றின் ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதி வைத்தேன். சிறிது நேரம் எறும்பு ஊர்வது போன்ற அமைதி நிலவியது.

"சேர், சேரிங் குறொஸ் புகையிரத நிலையம் இருக்கிறது" என்றான் ஒருவன். அந்நிலையம் திறக்கப்பட்டது 1864ஆம் ஆண்டு ஜனவரியில். ஆகவே படம் அதற்கு முற்பட்டதாதல் அரிது.

"சென் பங்கிராஸ் நிலையத்தைக் காணவில்லை" என்றான் இன்னொருவன். அது திறக்கப்பட்டது 1868இல். "கனன் வீதி நிலையமும் இல்லை" என்றான் மூன்றாமவன். அது 1866இல் திறக்கப்பட்டது. இறுதி வாங்கில் இருந்தவன், வழக்கமாக வாய் திறவாதவன், படத்தின் மேற் பெரிய எழுத்துக்களாற் குறிக்கப்பட்டிருந்த தபால் வட்டாரங்களை எண்ணிப் பத்து என்றான். இலண்டன் நகரம் 1850களின் பிற்பாதியில் பத்துத் தபால் வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுள் வடகிழக்கு வட்டாரம் 1866இல் நீக்கப்பட்டது. இந்நான்கு சாட்சிகளையும் ஒருங்குவைத்து, படம் 1864க்கும் 1866க்கும் இடைப்பட்டது என்று வகுப்புத் தீர்ப்பளித்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறுதல் வேண்டும். ஒரு சாட்சியை மட்டும் நம்பித் தீர்ப்பளித்தல் ஆகாது. பதிப்பாளர் பழைய தகட்டையே மீண்டும் மீண்டும் பயன்படுத்தி, பெரிய மாற்றங்களை மட்டும் செதுக்கிச் சேர்ப்பர். சிறு மாற்றங்களை விட்டுவிடுவர். வேறு சிலர், தம் படமே புதியது என்று காட்டுவதற்காக, இன்னும் போடப்படாத புகையிரதப் பாதைகளையும் போட்டாயிற்று என்பதுபோல வரைந்துவிடுவர். ஆகையால் இருப்பது எது, இல்லாதது எது என்று பல இடங்களில் ஒத்துப்பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். இலண்டன் படம் ஒன்று கைக்கு வந்தால் நோக்கத்தக்க அடையாளங்கள் சிலவற்றைக் கூறுகிறேன்: தேம்ஸ் ஆற்றின் அடியிற் செல்லும் சுரங்கவழி 1843, ஹைட் பார்க்கிலே பளிங்கு மாளிகை 1851, உலகின் முதல் நிலக்கீழ்ப் புகையிரதம் 1863, ஹோல்போர்ண் மேம்பாலம் 1869, ஆற்றங்கரையோர விக்டோரியா அணைவீதி 1870, சாஃப்ட்ஸ்பரி அவெனியூ 1886, கோபுரப் பாலம் 1894. இவற்றுள் எது உண்டு, எது இல்லை என்று பார்த்தாலே படத்தின் வயது பெரும்பாலும் பிடிபடும்.

ஏன் இத்தனை படங்கள்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் ஏறத்தாழப் பத்து லட்சம் மக்கள் வாழ்ந்தனர். 1901இல் புறநகர்களையும் சேர்த்து அத்தொகை அறுபத்தைந்து லட்சமாயிற்று. தான் பிறந்த ஊரிலேயே வழி தவறும் நிலை இலண்டன் வாசிக்கு ஏற்பட்டது. புகையிரதம் நாள்தோறும் வெளியூராரைக் கொண்டுவந்து இறக்கிற்று. வழிகாட்டும் படம் குடை போல, கைக்கடிகாரம் போல, அன்றாடத் தேவையாகிவிட்டது.

அச்சுக்கலையும் இதற்குக் கைகொடுத்தது. முன்னர்ப் படங்களைச் செப்புத் தகட்டிலே தலைகீழாகச் செதுக்கி அச்சிட்டனர். செப்பு மென்மையானது, சில ஆயிரம் பிரதிகளுக்குள் தேய்ந்துவிடும். பின்னர் உருக்குத் தகடு வந்தது. சுண்ணக் கல்லின் மேல் மெழுகு மையால் எழுதி அச்சிடும் கல்லச்சு முறையும் பரவிற்று. படத்தின் விலை வீழ்ந்தது. 1826இல் நிறுவப்பட்ட பயன்தரு கல்வி பரப்பும் சங்கம், உலகின் பெருநகரங்களின் படங்களை எளியோரும் வாங்கத்தக்க விலையில் வெளியிட்டது. வீக்லி டிஸ்பாச் என்னும் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை, 1850களின் பிற்பாதி தொடக்கம், தன் வாசகருக்குத் தேசப்படங்களை இணைப்பாக வழங்கிற்று. இன்று ஞாயிற்றிதழைப் பிரித்ததும் பிள்ளைகள் சித்திரப் பக்கத்தைப் பறித்துக்கொள்வது போல, அன்றைய இலண்டன் வீடுகளில் அப்படங்களுக்கும் போட்டி இருந்திருக்கும்.

1851இல் ஹைட் பார்க்கிலே நடைபெற்ற மாபெரும் பொருட்காட்சியை அறுபது லட்சம் தடவைக்கு மேல் மக்கள் நுழைந்து கண்டனர். இவர்களுக்கென அச்சிட்ட படங்கள் பலப்பல. அவற்றுள் விசித்திரமானது ஒரு கையுறை. தோலினாலான பெண்களின் கையுறையின் உள்ளங்கைப் பக்கத்தில் இலண்டனின் முக்கிய இடங்களை ஜோர்ஜ் ஷோவ் என்பவர் பொறித்தார். வழி தெரியாத பெண்மணி எவரையும் வினாவ வேண்டியதில்லை. தன் கையைத் தானே பார்த்துக்கொண்டால் போதும். அக்கையுறை இன்றும் இங்கிலாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றது.

தேவாலய உச்சியிற் படைவீரர்

வியாபாரத்துக்காக வரைந்த படங்கள் ஒருபுறம் இருக்க, உயிர்காக்கும் பொருட்டு வரைந்த படங்களும் உண்டு. 1848-49இல் இலண்டனைத் தாக்கிய வாந்திபேதி பதினாலாயிரம் பேரளவிற் கொன்றது. நகரின் கழிவுநீர் எப்பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்பதைச் சரியாக உரைக்க ஒரு படமும் இருக்கவில்லை. மேடு பள்ளம் அறியாமற் கால்வாய் வெட்ட முடியுமா? ஆகவே 1848இல் அரசாங்க நில அளவைப் பகுதியினர் நகரத்தை அளக்கப் புகுந்தனர். அளந்தவர்கள் இராணுவப் பொறியியற் படைவீரர். சென் போல்ஸ் பேராலயத்தின் உச்சிச் சிலுவைக்கும் மேலாகச் சாரம் கட்டி, அதன் மேல் ஒரு சிறு கூண்டை அமைத்து, அங்கிருந்து நகரத்தின் நாற்றிசையையும் கோணமானியால் நோக்கினர். பெருங்காற்றிலே ஆடும் அக்கூண்டினுள் நின்று அவர்கள் குறித்த கோணங்களே புதிய படத்துக்கு அடித்தளமாயின.

அப்படத்தின் அளவு, ஒரு மைலுக்கு ஐந்து அடி. அதாவது நிலத்திலுள்ள 1056 அடி படத்திலே ஓர் அடியாகச் சுருங்கும். பின்னர் இதே அளவில், கட்டடங்களையும் சேர்த்து விரிவாக வரைந்த தாள்களில் வீட்டு வாயிற்படிகளையும் தோட்டத்து மரங்களையுங்கூடக் காணலாம். நாலாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த பிற நகரங்களை ஐந்நூற்றில் ஒன்றென்னும் அளவிலும் வரைந்தனர். அவற்றிலே தெருவிளக்குக் கம்பங்களும் இடம்பெற்றன. இத்தகைய தாளொன்றை விரித்து வைத்தால், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னைய ஒரு வீதியில் நாமே நடந்து செல்லலாம்.

சாவைக் குறித்த கறுப்புக் கோடுகள்

வாந்திபேதி மீண்டும் வந்தது. 1854ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் திகதி இரவு, சோஹோ என்னும் பகுதியில், புரோட் வீதியைச் சுற்றி மக்கள் திடீரென மடியத் தொடங்கினர். அந்நோய் துர்நாற்றம் நிறைந்த காற்றினாற் பரவுகிறது என்பதே அக்காலத்து வைத்தியர் பெரும்பாலாரின் கொள்கை. ஜோன் ஸ்நோ என்னும் வைத்தியர் மட்டும் அது குடிநீரால் வருவதென 1849இலேயே எழுதியிருந்தார், கேட்பார் இல்லை. அவர் வீடு வீடாகச் சென்று, இறந்தவர் எங்கே நீர் அள்ளினார் என விசாரித்தார். பலர் புரோட் வீதியிலிருந்த பம்பின் நீரையே பருகியிருந்தனர். அருகிலிருந்த மதுவடிசாலைத் தொழிலாளர் எழுபது பேரில் ஒருவரும் இறக்கவில்லை. அவர்கள் அப்பம்பின் நீரை நாடாதவர்கள். தொலைவிலுள்ள ஹாம்ஸ்டெட்டில் ஒரு மூதாட்டி இறந்தார். முன்னர்ப் புரோட் வீதியில் வாழ்ந்த அவர், அந்நீரின் சுவையை விரும்பி, நாள்தோறும் வண்டியில் வரவழைத்துப் பருகியவர்!

செப்டெம்பர் 8ஆம் திகதி பம்பின் கைபிடி கழற்றப்பட்டது. கைபிடியைக் கழற்றியதும் நோய் அற்றுப்போயிற்று என்று பலர் கதை சொல்வர். உண்மை அதுவன்று. மக்கள் அஞ்சி ஓடியதால் நோய் முன்னரே தணியத் தொடங்கியிருந்தது. ஸ்நோவே இதனை ஒப்புக்கொண்டார். மாண்டவர் 616 பேர். அவர் தம் நூலின் இரண்டாம் பதிப்பை 1855இல் வெளியிட்டபோது அதில் ஒரு படத்தைச் சேர்த்தார். சாவு நிகழ்ந்த ஒவ்வொரு வீட்டின் முன்னும், இறந்தவர் ஒருவருக்கு ஒரு சிறு கறுப்புக் கோடு. பம்பை நெருங்க நெருங்கக் கோடுகள் அடுக்கடுக்காக உயர்கின்றன. விலக விலக அருகுகின்றன. வாதத்தால் நம்பாதவரையும் அப்படம் நிறுத்திச் சிந்திக்க வைக்கும். அப்பகுதியின் மதகுருவான ஹென்றி வைட்ஹெட், முதலில் ஸ்நோவை மறுத்தவர், தாமே வீடு வீடாக ஆராய்ந்து, நோயுற்ற ஒரு குழந்தையின் துணிகளைக் கழுவிய நீர் வீட்டின் கழிவுக்குழியிற் சேர்ந்தது என்பதைக் கண்டறிந்தார். குழியைத் தோண்டிப் பார்த்தபோது அதிலிருந்து பக்கத்துக் கிணற்றுக்குக் கசிவு இருந்தமை புலனாயிற்று.

ஸ்நோ 1858இல் இறந்தார். வாந்திபேதிக் கிருமியைக் கொக் என்னும் ஜெர்மன் வைத்தியர் 1880களிலே நிறுவிக் காட்டியபோது, ஸ்நோவின் கூற்றை மறுப்பதற்கு இடமில்லாமற் போயிற்று. அவர் படத்திலுள்ள கோடு ஒவ்வொன்றும் ஒரு தாய், ஒரு தகப்பன், ஒரு பிள்ளை என்பதை என் மாணவர்க்கு நான் நினைவூட்டத் தவறுவதில்லை.

ஏழு நிறங்கள்

லிவர்பூலைச் சேர்ந்த கப்பல் வர்த்தகர் சார்ல்ஸ் பூத் என்பவர், இலண்டனில் வறியவர் எத்தனை பேர் என்பதைத் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு ஆராய்ந்தார். பிள்ளைகள் பாடசாலைக்கு வருகின்றனரா என்று வீடு வீடாகச் செல்லும் கல்விச் சபை அலுவலரின் அறிவை அவர் பயன்படுத்திக்கொண்டார். 1889இல் அவர் நூலின் முதற்பாகம் வெளிவந்தது. இலண்டன் மக்களுள் நூற்றுக்கு 30.7 பேர் வறுமையில் வாடுகின்றனர் என்பது அவ்வாராய்ச்சியின் முடிவு. உலகப் பேரரசின் தலைநகரில் மூவரில் ஒருவர்!

இம்முடிவை அவர் படமாகவும் வரைந்தார். எட்வேட் ஸ்டான்போட் பதிப்பித்த இலண்டன் படத்தின் மேல் ஒவ்வொரு வீதிக்கும் ஒரு நிறம் தீட்டப்பட்டது. செல்வர் வீதி மஞ்சள். வசதியுடையோர் வீதி சிவப்பு. ஓரளவு போதிய வருவாயுடையோர் வீதி இளஞ்சிவப்பு. கலந்து வாழ்வோர் வீதி ஊதா. வறியோர் வீதி இளநீலம். மிக வறியோர் வீதி கருநீலம். அதற்கும் கீழ்ப்பட்டோர் வீதி கறுப்பு. பெருவீதிகளின் சிவப்புக்குப் பின்னே, கூப்பிடு தூரத்தில், கருநீலமும் கறுப்பும் ஒளிந்திருப்பதை அப்படம் அம்பலப்படுத்திற்று. கறுப்பு நிறத்துக்கு எழுதிய விளக்கத்தில், அங்கு வாழ்வோர் தீயொழுக்கத்தினர், குற்றவாளிகள் போன்றோர் என்ற கருத்தும் இடம்பெற்றது. அளந்து எழுதும் படத்திலும் அளப்பவனின் மனச்சாய்வு கலந்துவிடும் என்பதற்கு இதனிலும் தக்க சான்று வேண்டியதில்லை. எனினும் முதியோருக்கு அரசு உதவிப்பணம் அளிக்க வேண்டுமென வாதாடியவரும் இதே பூத் தான். அதற்கான சட்டம் 1908இல் நிறைவேறியது.

புள்ளிக்கோட்டின் கீழே

இனி என் படத்துக்குத் திரும்புவோம். என் மாணவருள் ஒருவன் அன்று கேட்டான்: "சேர், இந்த ஒழுங்கைகளுக்கு மேலே ஒரு புள்ளிக்கோடு போகிறதே, அது என்ன?"

வடபுறத்தில், சென் பங்கிராஸ் பழைய தேவாலயத்துக்கு அருகே, நெருக்கமான சிறு ஒழுங்கைகள். அவற்றின் குறுக்கே, குடியிருப்பென்று எண்ணாமல், நேராக ஒரு புள்ளிக்கோடு. அது மிட்லண்ட் புகையிரதக் கம்பனி போட எண்ணிய பாதை. ஒழுங்கைகள் இருந்த இடத்தின் பெயர் ஏகர் டவுன். குறுகிய காலக் குத்தகை நிலத்திலே, வடிகால் வசதியின்றி, ஏழைகள் கட்டிக்கொண்ட குடியிருப்பு அது. அதன் சேற்றையும் நாற்றத்தையும் பற்றி நாவலாசிரியர் டிக்கன்ஸ் நடத்திய சஞ்சிகை 1851இல் எழுதிற்று. நாற்றமுடையதாயினும் அங்கு வாழ்ந்தோருக்கு அது வீடு. 1860களின் நடுப்பகுதியில் அக்குடியிருப்பு இடிக்கப்பட்டது. நிலச் சொந்தக்காரருக்கு நட்டஈடு கிடைத்தது. வாரக் கூலிக்குக் குடியிருந்தோர்க்குச் சட்டப்படி உரித்தான நட்டஈடு எதுவும் இல்லை. அவர்கள் அண்மையிலுள்ள, ஏற்கெனவே நிறைந்து வழிந்த வீதிகளுக்குள் நெருக்கிக்கொண்டு புகுந்தனர்.

உயிரோடிருந்தவர் மட்டுமன்று, இறந்தவரும் எழுப்பப்பட்டனர். பாதை பழைய தேவாலயத்தின் மயானத்தை ஊடறுத்துச் சென்றதால், புதைகுழிகளைத் தோண்டி எச்சங்களை அகற்ற வேண்டியதாயிற்று. அதனை மேற்பார்வை செய்ய அனுப்பப்பட்ட இளம் கட்டடக்கலை உதவியாளரே பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற தோமஸ் ஹார்டி. அம்மயானத்தில் ஒரு மரத்தைச் சுற்றி அடுக்கப்பட்ட கல்லறைக் கற்கள் அவர் பெயராலேயே நெடுங்காலம் அழைக்கப்பட்டன. அம்மரமும் 2022இல் வீழ்ந்துவிட்டது.

நிலையம் எழுந்தது, அழகிய நிலையந்தான். ஏகர் டவுன் மறைந்தது. வரலாற்று நூலிலே நிலையத்துக்குப் பல பக்கங்கள் உண்டு; அந்த ஒழுங்கைகளுக்குப் பெயராவது எஞ்சியிருப்பது இத்தகைய பழைய படங்களிலேதான். "வீதி இருந்ததற்குச் சாட்சி, வீதி போன பின் எங்கே இருக்கும்?" என்று கேட்டால், மருதானையிற் கிடந்த ஓர் அட்டையுறைக்குள்ளும் இருக்கும் என்பதே என் விடை.

சேகரிக்க விரும்புவோர்க்கு

இளைஞர் சிலர் இதிற் கருத்துக் கொள்ளக்கூடும் என்பதால், அனுபவத்தில் அறிந்த சிலவற்றைக் கூறுகிறேன்.

முதலாவது, எல்லாவற்றையும் சேர்க்க முயலாதீர்கள். ஒரு நகரம், அல்லது ஒரு பதிப்பாளர், அல்லது ஒரு பத்தாண்டு என்று எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். ஒரே நகரின் படங்களை இருபது ஆண்டு இடைவெளியில் மூன்று வைத்திருப்பவன், முப்பது நகரங்களின் படங்களைத் தனித்தனியே வைத்திருப்பவனைவிட அதிகம் கற்பான்.

இரண்டாவது, போலியை அறியக் கற்றுக்கொள்ளுங்கள். பூதக்கண்ணாடி ஒன்று போதும். இன்றைய நிழற்பட முறையில் அச்சிட்ட பிரதியில் நிறங்கள் நுண்ணிய புள்ளிகளாகச் சிதறித் தோன்றும். செப்புத் தகட்டுப் படத்திற் கோடுகள் தெளிந்து கூர்மையாக நிற்கும். தகடு அழுந்திய தடம் ஓரங்களிற் பள்ளமாகத் தெரியும். ஆனால் கல்லச்சுப் படத்தில் அத்தடம் இராது. ஆகவே தடமில்லை என்பதாலேயே போலி என்று தள்ளிவிடலாகாது. கையால் நிறம் தீட்டிய படத்தில் நிறம் எல்லைக்கோட்டை ஆங்காங்கே தாண்டியிருக்கும். காகிதத்தையும் நோக்குக. நூற்றாண்டின் முற்பாதியிற் கந்தைத் துணியிலிருந்து செய்த காகிதம் இன்றும் உறுதியாக இருக்கும். பிற்பாதியில் மரக்கூழிலிருந்து செய்த மலிவான காகிதம் மஞ்சளித்து, தொட்டால் நொறுங்கும்.

மூன்றாவது, பழைய தேசப்பட நூல்களைப் பிரித்துத் தனித்தாள்களாக விற்கும் வழக்கம் எங்கும் உண்டு. ஒரு நூலைக் கிழித்துப் பெற்ற தாளை வாங்குவோன் அடுத்த நூலைக் கிழிப்பதற்கும் கூலி கொடுக்கிறான். முன்பே பிரிந்து போனதை வாங்குங்கள். முழு நூலைப் பிரிக்கச் சொல்லி ஒருபோதும் கேளாதீர்கள்.

நான்காவது, பணம் இல்லையே என்று வருந்த வேண்டியதில்லை. ஸ்கொட்லாந்து தேசிய நூலகம் விக்டோரியா காலத்து நில அளவைப் படங்களையும், இலண்டன் பொருளியற் கல்லூரி பூத் தீட்டிய நிறப் படங்களையும் இணையத்தில் யாவரும் இலவசமாகக் காணும்படி வைத்துள்ளன. யாழ்ப்பாணத்து ஓலைக் கொட்டிலில் இருக்கும் மாணவனும் அவற்றைப் பெரிதாக்கி, ஒரு வீட்டின் வாயிற்படி வரை நோக்கலாம். கையிற் படமில்லாமலே படத்தை வாசிக்கக் கற்றவன்தான், கையிற் கிடைக்கும்போது அதன் அருமையை அறிவான்.

என் கையால் நேர்ந்தது

படத்தைப் பேணும் முறை பற்றிச் சொல்லுமுன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். என் படத்தில் மடிப்பொன்று கிழியத் தொடங்கிய காலத்தில், நான் சற்றும் யோசியாமல், பாடசாலைப் புத்தகம் ஒட்டும் ஒட்டுநாடாவை அதன் மேல் ஒட்டிவிட்டேன். சில ஆண்டுகளில் நாடாவின் பசை காகிதத்தினுள் ஊறி, தேநீர் சிந்தியது போன்ற பழுப்புக் கறையாயிற்று. கறை விழுந்த இடம் எது என்று நினைக்கிறீர்கள்? ஏகர் டவுன். அங்கிருந்த மூன்று ஒழுங்கைகளின் பெயர்கள் இன்று வாசிக்க முடியாதன. நிலத்திலிருந்து அவற்றைப் புகையிரதம் அழித்தது; காகிதத்திலிருந்து நான் அழித்தேன்.

ஆகையாற் கூறுகிறேன்: ஒட்டுநாடாவைப் பழங்காகிதத்துக்கு அருகிலும் கொண்டு செல்லாதீர்கள். கிழிவை அடைக்க வேண்டின் யப்பானிய மென்தாளும் கோதுமை மாப்பசையுமே தக்கவை; பின்னர் வேண்டும்போது நீரால் அவற்றைக் கழற்றிவிடலாம். படத்தை அமிலமற்ற தாள்களுக்கிடையே, இயன்றவரை விரித்தபடி வையுங்கள். வெயில் படும் சுவரில் மாட்டினால் நிறம் வெளிறும். நம் நாட்டு ஈரக்காற்றிலே பூஞ்சணமும் இராமபாணப் பூச்சியும் பெரும் பகைவர். மாரிகாலத்தில் மாதமொருமுறையாவது எடுத்துப் பாருங்கள்.

சென்ற ஆண்டு, அன்று புள்ளிக்கோட்டைப் பற்றிக் கேட்ட அதே மாணவன் வீட்டுக்கு வந்தான். இப்போது பல்கலைக்கழகத்தில் புவியியல் கற்கிறான். "சேர், அந்த மூன்று பெயரையும் கண்டுபிடித்துவிட்டேன்" என்றான். அக்காலத்து வேறொரு படத்தின் இணையப் பிரதியில் அதே இடத்தைத் தேடி, மெல்லிய தாளில் ஒழுங்கைகளைப் பென்சிலாற் பிரதி செய்து, பெயர்களையும் எழுதிக்கொண்டு வந்திருந்தான். அத்தாளை என் படத்தின் மேல் வைத்தோம். கோடுகள் பொருந்தின.

பின்னர் அவனே கேட்டான்: "எங்கள் ஊர்களுக்கும் இப்படிப் படங்கள் இருக்குமா, சேர்?" உண்டு. இலங்கையின் நில அளவைத் திணைக்களம் 1800இல் தொடங்கியது. கொழும்புக் கோட்டையைச் சூழ்ந்திருந்த மதில்கள் 1869க்கும் 1871க்கும் இடையில் இடிக்கப்பட்டன. அதற்கு முந்திய படத்தில் மதிலும் அகழியும் காவலாக நிற்கும், பிந்திய படத்தில் அவை இருந்த தடமே இராது. அவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கும் வாய்ப்பு எந்த மாணவனுக்கும் ஒரு வரலாற்றுப் பாடத்துக்கு ஈடாகும். பெட்டிகளிலும் பரண்களிலும் கிடக்கும் பழைய காணிப்படங்களையும் ஊர்ப்படங்களையும் பழங்கடதாசி வாங்குவோனுக்கு நிறுத்துக் கொடுக்குமுன், வாசகர்கள் ஒருமுறை விரித்துப் பார்க்க வேண்டுகிறேன். அதிலும் ஓர் ஒழுங்கை தன் பெயரைக் காத்துக்கொண்டு இருக்கக்கூடும்.

மாணவன் கொண்டுவந்த மெல்லிய தாள் இப்போது என் அட்டையுறைக்குள், படத்தோடு சேர்ந்து கிடக்கிறது. அதன் மேல் என் மனைவி, எவரும் எறிந்துவிடாதபடி, தம் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார்: "இதையும் பத்திரமாக வைக்கவும்."